காலண்டர்க்காரர் முழங்கால்

"ஐயா, மெதுவா எந்திரிங்க" என்றாள் பிசியோதெரபிஸ்ட் ரோஷினி.

சீனிவாசகம் எழுந்தார். சிவகாசியே சங்குசக்கரமாய்ச் சுழன்றது. தொப்பென்று சோபாவில் விழுந்தார்.

"முட்டிக்கு பலம் பத்தல. பயிற்சியைக் கூட்டணும்."

"கூட்டு தாயி! ஆடிப்பதினெட்டுக்கு நான் நடந்து போயி ஆல்பத்தைத் திறக்கலைன்னா என் தம்பி நவநீதகிருஷ்ணன் திறந்துருவான். பொறவு வருசம் முச்சூடும் சொல்லிக்காட்டுவான்."

புது வருஷக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகக் கட்டி, ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டுத் திறப்பது அவர்கள் அச்சகத்து வழக்கம். மூட்டு மாற்று அறுவைக்குப் பின் சீனிவாசகத்தின் உயிரே அந்த நாளில்தான் தொங்கியது.

பயிற்சி கூடியது. தலைசுற்றலும் கூடியது. மனைவி பொன்னுத்தங்கம் அண்டா நிறைய ஆட்டுக்கால் சூப் வைத்தாள். குடித்து எழுந்தவர் அண்டா மேலேயே சாய்ந்தார்.

"மாத்திரையை ஒழுங்காத் திங்கிறீகளா இல்லையா?" என்று கத்தினாள். விழுந்தது அவர், தலைவலியும் கோபமும் என்னவோ அவளுக்கு.

"யாரைப் பாத்து கேக்க? ரத்தக்கொதிப்பு மாத்திரையைக் காலண்டர் தாள்லயே ஒட்டி வச்சிருக்கேன். தேதியைக் கிழி, மாத்திரையைப் போடு. எந்த டாக்டருக்குத் தோணும்?"

அந்த வீட்டில் குளியலறை உட்பட எல்லா அறையிலும் காலண்டர் உண்டு. நேற்றைய தேதியை எங்கே கண்டாலும் அவர் கை அரிக்கும். மாத்திரை தவறிவிடுமோ என்ற பயமும் சேர, விடிந்ததும் கண்ணாடிகூடப் போடாமல் வீடு முழுக்கக் கிழித்தார், ஒட்டியிருந்ததை விழுங்கினார். தலை இன்னும் வேகமாய்ச் சுற்றியது.

ஆடிப்பெருக்குக்கு முதல் நாள் ரோஷினிக்குச் சந்தேகம் வந்தது. ரத்த அழுத்தம் பார்த்தாள்.

"கால்ல கோளாறே இல்லைங்கய்யா! பிரஷர் பாதாளத்துல கெடக்கு. எல்லாம் மாத்திரை செய்யிற வேலை."

டாக்டரிடம் போனில் கேட்டாள். நாளைக்கு மாத்திரை வேண்டாம், மறுநாள் நேரில் வரட்டும் என்றார்.

"நாளைக்குக் காலண்டர் பக்கமே போகக் கூடாது!" என்றாள் ரோஷினி.

அவர் தேதி கிழிக்காத முதல் ஆடிப்பெருக்கு. கண்ணை மூடிக்கொண்டுதான் வீட்டை விட்டு வெளியேறினார். அச்சகத்துக்குள் கைத்தடி இல்லாமல், மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்து ஆல்பத்தைத் திறந்தார். நவநீதகிருஷ்ணன் பிளந்த வாய்க்குள் ஒரு லோடு பட்டாசையே இறக்கியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே முழங்கினார். "பாத்தியா பொன்னு? அந்த ஒத்தை மாத்திரைதான் என்னை இம்புட்டு நாளும் சாய்ச்சிருக்கு!"

அடுக்களையிலிருந்து பதில் வந்தது. "அது கெடக்கட்டும், இங்கன வந்து அதிசயத்தைப் பாருங்க! உங்களை மாதிரியே நானும் என் பிரஷர் மாத்திரையை இந்தக் காலண்டர்லதான் ஒட்டுறேன். இன்னைக்குத்தான் அது காணாமப் போகாம இருக்கு!"