இன்னொருக்கா அண்ணனும் மோர் வரிசையும்

தன் கல்யாணத்துக்கு முந்தின நாளே தாலி கட்டிப் பார்த்த ஒரே மாப்பிள்ளை இந்த உலகத்தில் இன்னொருக்கா அண்ணன்தான். மண்டபத்துத் தூணைச் சுற்றி மஞ்சள் கயிற்றைப் போட்டு மூன்று முடிச்சும் போட்டிருக்கிறார். இரண்டாவது முடிச்சு நழுவியதாம். அவிழ்த்து மறுபடி போட்டிருக்கிறார். மறுநாள் முகூர்த்தத்தில் அவர் முடிச்சுப் போட்ட வேகத்தைப் பார்த்து, "மாப்பிள்ளைக்கு இது முன்னமே பழக்கமோ?" என்று பெண் வீட்டில் ஒரு சித்தப்பா கேட்டுவிட்டார். பந்தி முடியும் வரை அதே பேச்சுதான். இதை எனக்குச் சொன்னது அண்ணனின் மனைவி. பதினெட்டு வருஷம் கழித்தும் கோபம் குறையாமல்தான் சொன்னார்.

மதுரையில் 'இன்னொரு தடவை' என்பதை 'இன்னொருக்கா' என்போம். அண்ணன் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் அதுதான். அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஆபீஸைப் பூட்டிவிட்டுப் பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்ப்பார். "இன்னொருக்கா" என்று சொல்லி ஒரு நாள் ஐந்தாவது தடவை இழுத்தார். பூட்டு கையோடு வந்துவிட்டது.

"பாத்தியா மாப்ள, இத நம்பியா இம்புட்டு நாளா வீட்டுக்குப் போனோம்?" என்றார். அன்று ராத்திரி ஆபீஸிலேயே படுத்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவருக்குப் பொருந்துகிற வேலை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதுவே அவருக்குக் கிடைத்திருந்தது. கோரிப்பாளையத்தில் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே, செல்போன் கேம் தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனி. மொத்தம் மூன்று பேர். முதலாளி வித்யா, கம்ப்யூட்டரில் கேமைக் கட்டுவதும் அவரே. நான் கதை எழுதுகிறவன். அண்ணன் எங்கள் கேமை நாள் முழுக்க விளையாடி, எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கிறவர்.

வித்யாவின் குடும்பம் சௌராஷ்டிரக் குடும்பம், ஜவுளி வியாபாரம். அவர் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார், ஆபீஸில் தமிழ் பேசுவார், அண்ணன் தப்புகளின் பட்டியலை நீட்டும்போது இரண்டும் கலந்து வரும்.

எங்கள் கேமின் பெயர் 'சாம்பார்'. தூக்குவாளி நிறைய சாம்பாரோடு கோரிப்பாளையம் சிக்னலைக் கடக்க வேண்டும். குறுக்கே ஷேர் ஆட்டோ வரும், டவுன் பஸ் வரும், ராங் சைடில் புல்லட் வரும். சொட்டுச் சிந்தாமல் எதிர்ப்பக்கம் போனால் அடுத்த லெவல். ஆபீஸ் ஜன்னலைத் திறந்தால் அதே விளையாட்டு கீழே இலவசமாக நடந்துகொண்டிருக்கும்.

கேமின் தொடக்கத்தில் ஒரு முன்கதை உண்டு. அந்த சாம்பார்க்காரன் யார், அவனுக்கு ஏன் இந்த நிலைமை, அவன் காதலி எந்தத் தெரு என்று மூன்று நிமிஷம் ஓடும். எழுதியது நான். எழுதிவிட்டுக் கொஞ்சம் அழவும் செய்தேன்.

இரண்டு வருஷம் ஓடியது. ஒரு நாள் வித்யா எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அப்பா சொல்லிட்டாங்க. இந்தச் சித்திரை வரைக்கும்தான். யாராவது நம்ம கேமை எடுத்து வெளியிட்டா ஆபீஸ் இருக்கும். இல்லாட்டி சாவியைக் குடுத்துட்டு நான் ஜவுளிக் கடையில போய் உக்கார வேண்டியதுதான்."

வித்யாவுக்கு ஜவுளிக் கடை இருந்தது. எனக்குச் சென்னையில் ஏதாவது ஒரு வேலை கிடைத்துவிடும். அண்ணனுக்கு வயது நாற்பத்தைந்து, படிப்பு பத்தாம் வகுப்பு. வாலிபத்தில் அவர் நடத்திய வீடியோ கேம் கடை, ஆளாளுக்கு செல்போன் வந்ததும் படுத்துவிட்டது. தப்புக் கண்டுபிடிக்கச் சம்பளம் தரும் இன்னொரு இடம் அவருக்கு மதுரையில் கிடைக்கப் போவதில்லை. மூன்று பேருக்குமே அது தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் நடக்கும் ஒரு கேம் கண்காட்சியிலிருந்து மெயில் வந்தது. மூன்று நாள் நடக்கும். கேம்களை வாங்கி வெளியிடும் கம்பெனிக்காரர்கள் வருவார்கள். ஸ்டால் போடலாம். ஆனால் போட்டால், கையில் மிச்சமிருந்தது முழுவதும் அந்த ஸ்டாலுக்கே போய்விடும். ஸ்டால் போட்டால்தான் மதிப்பார்கள் என்று வித்யா. அவ்வளவு கூட்டத்தில் நம்மை யார் பார்ப்பார்கள், போகவே வேண்டாம் என்று நான். இரண்டு நாள் சண்டை போட்டுவிட்டு அண்ணனிடம் போனோம்.

"நீங்களே சொல்லுங்கண்ணே. போகலாமா, வேண்டாமா?" என்றார் வித்யா.

"போய்ப் பாத்தாத்தான மேடம் தெரியும்?"

"போகலாமான்னுதானே கேக்குறோம்?"

"அதான் சொல்றேன். போறதுக்கு முன்னாடி ஒருக்கா போய்ப் பாத்துருவோம்."

அண்ணனின் வீடு திருப்பரங்குன்றத்தில். அங்கே அவர் மச்சானுக்குப் பந்தல் வாடகைக்கு விடும் தொழில். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பஸ் ஸ்டாண்டு பக்கம், மெயிலில் சொல்லியிருந்த ஸ்டாலின் அளவு பிசகாமல் சாமியானா போட்டுவிட்டார். இரண்டு மேசை, மேசை மேல் இரண்டு போன்கள். வெயிலுக்கு நாங்கள் குடிக்க ஓர் எவர்சில்வர் டிரம்மில் தண்ணீர், பக்கத்தில் நாலு டம்ளர். வழியில் போகிற ஜனங்களில் எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை நிமிஷம் நிற்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள ஒரு நாற்பது பக்க நோட்டு.

ஐந்து நிமிஷத்தில் வரிசை நின்றுவிட்டது. பத்து நிமிஷத்தில் வரிசையின் வால் பூக்கடை வரைக்கும் போய்விட்டது. வித்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்ளோ ரெஸ்பான்ஸா! நான்தான் சொன்னேன்ல?" என்று என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வரிசையில் முதலில் நின்றவர் வேட்டி கட்டிய பெரியவர். போனை வாங்கினார். சிரத்தையாக விளையாடினார். பஸ்ஸில் மோதிச் சாம்பாரைக் கொட்டினார். தன்னை மறந்து சிரித்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"முடிச்சுட்டேன் தம்பி. மோரைக் குடுங்க."

கோடை வெயிலில் எங்கள் ஊரில் சாமியானா, மேசை, எவர்சில்வர் டிரம் மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் அது நீர்மோர்ப் பந்தல். யாரும் போர்டைப் பார்ப்பதில்லை. வரிசையைக் கண்டால் முதலில் கடைசியில் போய் நின்றுகொள்வோம், பிறகுதான் எதற்கு என்று முன்னால் நிற்பவரைக் கேட்போம். நாற்பத்தைந்து வருஷம் அதே ஊரில் மோர் குடித்து வளர்ந்த அண்ணனுக்கு இது தோன்றவே இல்லை.

"இத அமுக்குனாத்தான் மோர் குடுப்பாகளாம்" என்று செய்தி வரிசை நெடுக ஓடியது.

"அமுக்குறவுக வெரசா அமுக்குங்கப்பா, வெயிலு கொளுத்துது!" என்று வாலிலிருந்து ஒரு குரல் வந்தது.

பெரியவர் யாரையும் எதிர்பார்க்காமல் டிரம்மைத் திறந்து ஒரு டம்ளர் மொண்டு குடித்தார். கொஞ்சம் யோசித்தார்.

"மோரு ரொம்பத் தண்ணியால்ல இருக்கு?"

வித்யா கைப்பையை எடுத்துக்கொண்டு மோர் பாக்கெட் வாங்க ஓடினார். நான் உப்பும் பெருங்காயமும் வாங்க ஓடினேன். மதியம் வரை நான் மோர் கலக்கினேன், அவர் ஊற்றிக் கொடுத்தார். அண்ணன் மட்டும் அசையாமல் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஆபீஸில் நோட்டைத் திறந்தார்.

"நேத்து வந்தது நூத்திப் பதினேழு பேரு. அதுல நம்ம கேமுக்குன்னு வந்தவுக ஒருத்தரும் இல்ல. அம்புட்டும் மோருக்கு வந்த கூட்டம். ஸ்டால் வேணாம் மேடம்."

வித்யாவின் முகம் வாடிவிட்டது. அண்ணன் பக்கத்தைத் திருப்பினார்.

"ஆனா மோரு தீந்த பொறவு எட்டுப் பேரு திரும்ப வந்து நின்னாக. மோரு இல்லைங்கன்னு நானே சொன்னேன். 'மோரு கிடக்கட்டும், அந்தச் சாம்பாரக் குடுங்க'ன்னாக."

"அப்ப கேம் நல்லாருக்குல்லண்ணே?"

"சாம்பார் நல்லாருக்கு மேடம். முன்கதைதான்..." என்று இழுத்து என்னைப் பார்த்தார். "ஒத்த ஆளு படிக்கல மாப்ள. ஒருத்தரு மட்டும் கடைசி வரைக்கும் பாத்தாரு. அவரும் கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டாராம். எங்க அமுக்கித் தாண்டுறதுன்னு தெரியல."

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என் மூன்று நிமிஷக் காவியத்தை நானே வெட்டினேன். "சாம்பார் ஆறுவதற்குள் போ" என்ற ஒரு வரி மிஞ்சியது. அந்த வரியை அண்ணன் நாலு தடவை படித்துவிட்டுத் தலையாட்டினார்.

கண்காட்சிக்கு ஸ்டால் இல்லாமல், நுழைவுச் சீட்டு மட்டும் வாங்கி இரண்டு பேர் போவது என்பது அவர் தீர்ப்பு.

"ஸ்டால் போட்டு உக்காந்து கூப்புட்டோம்னா வாரவுக தப்பிச்சு ஓடுவாக. வரிசையில நிக்கிறவுக எங்கயும் ஓட மாட்டாக, கையும் சும்மாத்தான் இருக்கும். நீங்க சோத்து வரிசையில போய் நில்லுங்க. முன்னாடி நிக்கிறவுக கையில போனைக் குடுங்க."

"நீங்க வரலையாண்ணே?" என்றேன்.

"நான் வந்தாக் கெட்டுரும். கேம் எப்புடின்னு யாராச்சும் கேட்டா, ஆறாவது லெவல்ல பஸ்ஸு செவுத்துக்குள்ள பூந்து போகுதுன்னு சொல்லிப்புடுவேன்."

கிளம்புகிற அன்று என் பையின் ஜிப்பை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். அப்போது சாதாரணமாகச் சொல்வது போல ஒன்றைச் சொன்னார்.

"போன வாரம் கப்பலூருக்குப் போயிருந்தேன் மாப்ள. ஒரு கம்பெனியில வாட்ச்மேன் வேலை இருக்குன்னாக. இருக்க முடியுமான்னு அரை நாள் அந்தச் சேர்ல உக்காந்து பாத்தேன்."

"எப்படிண்ணே இருந்துச்சு?"

"சேரு ஆடுது."

சொல்லிவிட்டு ஜிப்பை நாலாவது தடவை இழுத்துப் பார்த்தார். ரயிலில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெங்களூரில் எங்கு பார்த்தாலும் விளக்கும் சத்தமும். நாங்கள் எடுப்பதாக இருந்த அளவிலேயே ஒரு ஸ்டால். அதற்குள் இரண்டு பேர் மூன்று நாளும் போகிற வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். யாரும் நிற்கவில்லை. நாங்கள் நேராகச் சோற்று வரிசைக்குப் போனோம். முதல் நாள் எங்களுக்கு முன்னால் நின்றது கல்லூரி மாணவர்கள். இரண்டாம் நாள் கோட்டுப் போட்ட ஒருவரிடம் போனைக் கொடுத்து விழுந்து விழுந்து உபசரித்தோம். அவர் சமையல் காண்ட்ராக்டர்.

மூன்றாம் நாள், கையில் தட்டோடு ஒரு நரைத்த தாடிக்காரர். விளையாட ஆரம்பித்தவர் தட்டை வித்யாவிடம் கொடுத்தார். சாம்பாரைக் கொட்டினார். சிரித்தார். பின்னால் நின்றவர்களை ஒவ்வொருவராக முன்னே போகச் சொன்னார். பிரியாணி தீர்ந்தது. தயிர்சாதமும் தீர்ந்தது. அவர் நிமிர்ந்து பார்த்து, "ஒன் மோர் டைம், ப்ளீஸ்" என்றார். வித்யா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கேம்களை வாங்கி வெளியிடும் ஒரு கம்பெனியில் அந்தத் தாடிக்காரர்தான் முடிவெடுப்பவர். சாயங்காலம் எங்களை உட்கார வைத்துப் பேசினார். 'சாம்பா'ரைத் தாங்கள் வெளியிடுவதாக அங்கேயே மெயிலும் அனுப்பினார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஆறாவது லெவலில் பஸ் சுவருக்குள் போகிறது, அதைச் சரிசெய்ய வேண்டும்.

வெளியே வந்து அண்ணனுக்கு போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"எடுத்துக்கிட்டாங்கண்ணே. ஆபீஸ் இருக்கு. நீங்க கப்பலூர் போக வேணாம்."

அந்தப் பக்கம் ஆபீஸ் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது, கோரிப்பாளையத்து ஹாரன்கள் அடங்கின.

"இன்னொருக்கா சொல்லு மாப்ள."

சொன்னேன். நாலு தடவை சொன்னேன். விடிய விடியக் கேட்டிருந்தாலும் சொல்லிக்கொண்டே இருந்திருப்பேன்.