எஞ்சினைப் பிரித்த ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, காபி டம்ளரைக் கீழே வைத்த கையோடு நான் ஒரு பிரகடனம் செய்தேன். இனிமேல் இந்த வீட்டில் தற்காலிகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எதைச் செய்தாலும் நிரந்தரமாகச் செய்வது. முதலில் மொபெட்.

"செய்ங்க," என்றாள் காந்தா. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

என் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை. கல்யாணத்துக்கு முன்பு அவள் தறியில் உட்கார்ந்தவள். தறிக்காரர்களுக்கு எதையும் நிறுத்தத் தெரியாது. இழை அறுந்தால் விரலில் கொஞ்சம் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு முறுக்கு. அவ்வளவுதான், தறி மறுபடி ஓடும். இந்த ஒரே வித்தையை வைத்துக்கொண்டு எங்கள் குடும்பத்தையே அவள் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். மொபெட்டில் பெட்ரோல் டேங்க் ஒழுகினால் துணி சோப்பைத் தேய்த்து அடைப்பாள். ஆக்சிலேட்டர் கம்பி விட்டுப்போனால் பட்டு நூலை முறுக்கிக் கட்டுவாள். பக்கத்து மூடி ஆடினால் அவளுடைய கொண்டை ஊசி அங்கே குடிபோயிருக்கும். எங்கள் வண்டியில் கம்பெனி போட்ட பாகம் எது, காந்தா போட்ட பாகம் எது என்று சொல்வது கஷ்டம்.

நான் அப்படி இல்லை. பட்டுக் கடையில் வெள்ளை மெத்தைமேல் உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டுவதுதான் என் உத்தியோகம் என்றாலும், எஞ்சின் என் கைக்குக் கட்டுப்படும். சும்மா சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் இதே மொபெட்டில் காந்தாவை ஏற்றிக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த மாமியார் வீட்டுக்குப் போவேன். ஓரிக்கை ஊரைத் தாண்டிப் பாலாறு வந்ததும் வண்டி நின்றுவிடும். எப்போதும் அங்கேதான் நிற்கும். நான் பதற மாட்டேன். பிளக்கைக் கழற்றுவேன். உப்புத்தாளில் தேய்ப்பேன். ஊதுவேன். காந்தா மணலில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஏதேதோ பேசுவோம். மந்தாரை இலையில் மடித்து வந்த இட்லியைப் பிட்டுத் தின்போம். வெயில் இறங்கும். அப்புறம் பெடலை ஒரு மிதி, வண்டி கிளம்பிவிடும். ஒரு தடவைகூட நான் தோற்றதில்லை.

இப்போது அதே வண்டி புகையைக் கக்கிக்கொண்டு சன்னதித் தெருவையே தாண்ட மாட்டேன் என்கிறது. சென்னையில் இருக்கும் எங்கள் பெண் ஜெயப்ரியா, "அதைத் தூக்கிப் போடுங்கப்பா, பேட்டரி ஸ்கூட்டர் வாங்கித் தரேன்" என்று போனில் சொல்கிறாள். காந்தாவும் அந்தக் கட்சியில் சேர்ந்துகொண்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒண்ணு சொல்றேன் கேளுங்க," என்றாள் காந்தா. "சாயங்காலம் ஆத்துக்கு அந்தாண்ட எங்க அண்ணன் வூட்டுக்குப் போவணும். நீங்களே ரிப்பேர் பண்ணி, அந்த வண்டியிலயே என்னை இட்டுக்கினு போய்ச் சேத்துட்டீங்கன்னா வண்டி இருக்கட்டும். இல்லன்னா பழைய இரும்புக்கு."

"சரி. ஆனா உன் சோப்பு, நூலு எதுவும் வரக்கூடாது."

"வராது. ஆனா வேற யார் கையும் படக்கூடாது."

"படாது."

ஸ்பானர் பெட்டியைத் திறந்தேன். மாமனார் வீட்டில் போட்ட மோதிரத்தைவிட எனக்குப் பிரியமான பெட்டி அது. கைப்பேசியில் ஒருவர் இந்தியில் எஞ்சின் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு இந்தி தெரியாது. எஞ்சினுக்கு ஏது பாஷை என்று அவரோடு சேர்ந்து நானும் பிரித்தேன். கழற்றிய பாகங்கள் கலந்துவிடாமல் இருக்க, இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாக வைத்தேன்.

காந்தா வாசலுக்கு வந்தாள். "அது இட்லித் தட்டு."

"கழுவித் தரேன்மா."

"இழை அறுந்தா முடிஞ்சி வுட்டுட்டு நெய்வாங்க. தறியையா பிரிப்பாங்க?"

"முடிச்சுப் போட்டுப் போட்டுத்தான் இந்த வண்டி இப்டி ஆயிட்டுது. நான் வேரைப் பாக்கறேன்."

"பாருங்க, பாருங்க," என்று உள்ளே போனாள்.

மத்தியானத்துக்குள் வேரைப் பார்த்துவிட்டேன். திரும்ப மூடினபோதுதான் சிக்கல். வண்டி முழுசாக ஆன பிறகும் இட்லித் தட்டில் சில குழிகள் காலியாகவில்லை.

"இது இன்னா, மிச்சமா?" என்றாள் காந்தா.

"இதெல்லாம் கம்பெனிக்காரன் ஒரு இதுக்காகப் போட்டு வுட்டது. இல்லாமலே ஓடும்."

பெடலை மிதித்தேன். ஓடவில்லை. மறுபடி மிதித்தேன். என் முழங்கால்தான் சத்தம் போட்டது. காந்தா கூந்தலை முடிந்துகொண்டாள்.

"நான் கோயிலுக்குப் போயிட்டு வரேன். தாயாரைச் சேவிச்சிட்டு மெதுவாத்தான் வருவேன்," என்று கிளம்பினாள்.

அவள் தெருமுனை திரும்பியதும் மெக்கானிக் சாமுவேலுக்குப் போன் போட்டேன். பாதி சொல்வதற்குள் ஆள் வாசலில் நின்றான். இவ்வளவு சுறுசுறுப்பான மனிதனை நான் பார்த்ததில்லை.

"இன்னாண்ணா, இட்லிக்குப் பதிலா நட்டு ஊத்தி வச்சிருக்கீங்க?"

"சாமுவேலு, சிரிக்காத. எஞ்சினுக்கு இன்னா?"

"எஞ்சினுக்கு ஒண்ணும் இல்லண்ணா. சைலன்சர்ல கரி அடைச்சிக்கினு இருக்குது. தட்டி வுட்டிருந்தா போதும். மத்தபடி நீங்க பிரிச்சதுதான் கம்ப்ளெய்ண்ட்டு."

மூடியதைத் திரும்பப் பிரித்து, இட்லித் தட்டைக் காலி செய்து, சைலன்சரைத் தட்டி அவன் பெடலை மிதித்தபோது வண்டி குழந்தைபோலச் சிரித்தது.

"காந்தாவுக்குத் தெரியக்கூடாது," என்றேன்.

"என் வாயால வராதுண்ணா."

அவன் போனதும் உள்ளங்கையில் இருந்த கொஞ்சநஞ்ச மசியைக் கன்னத்திலும் பூசிக்கொண்டேன். காந்தா வந்தாள். வண்டி ஓடுவதைப் பார்த்தாள். என் கன்னத்தையும் பார்த்தாள். "கெட்டிக்காரர்தான். போய்க் குளிங்க," என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் கிளம்பினோம். ஓரிக்கை வந்தது. அப்போது பின்னால் இருந்து காந்தாவின் கை என் இடுப்பைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. எத்தனையோ வருஷமாக வராத கை. எனக்கு மீசை முளைத்த நாள் திரும்பி வந்த மாதிரி இருந்தது. நான் விசில்கூட அடித்தேன்.

பாலாறு வந்ததும் வண்டி நின்றுவிட்டது.

நாளைக்கு இரும்புக் கடையில் என் மொபெட் தராசில் ஏறுவது கண்ணில் தெரிந்தது. பிளக்கைக் கழற்றலாம் என்றால் ஸ்பானரை எடுத்து வரவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வுடுங்க. வந்து உக்காருங்க," என்று காந்தா மணலில் இறங்கினாள். பழைய மணலில் பாதிகூட இல்லை, கருவேல முள்தான் அதிகம். முள்ளில்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். பேரீச்சம்பழம். துக்கத்தில் நான் அள்ளி அள்ளித் தின்றேன்.

"பெட்ரோல் டேப்பு மூடிக்கினு இருக்குது. போவும்போது தொறந்துக்கலாம்," என்றாள்.

"யாரு மூடினது?"

"நான்தான். ஓரிக்கையில திரும்பச்சொல்ல."

"எதுக்கு?"

"அப்பல்லாம் எதுக்கு மூடினேனோ அதுக்குத்தான்."

நான் வண்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"உங்க வூட்ல உங்கம்மா, அப்பா, அண்ணன், அண்ணி, அவங்க புள்ளைங்க. உங்ககிட்ட ஒரு வார்த்த பேசணும்னா அடுப்பாங்கரையிலருந்து கூவணும். எங்க வூட்லயும் அதே கும்பல். நடுவுல இந்த ஆறு ஒண்ணுதான் காலியா இருந்துது."

"அப்ப நான் பிளக்கைத் தேய்ச்சதெல்லாம்?"

"நல்லாத்தான் தேய்ப்பீங்க. பேசி முடிச்சதும் நான் தொறந்து வுடுவேன்."

மெக்கானிக் என்ற என் கீர்த்தி அந்த மணலில் அப்படியே இறங்கிப்போனது. ஆனாலும் எனக்குக் கோபம் வரவில்லை. என்னோடு பேசுவதற்காக ஒருத்தி வண்டியையே நிறுத்தியிருக்கிறாள். கண் கலங்கிவிட்டது. முள் குத்தியதாகச் சொல்லிக் காலைத் தடவிக்கொண்டேன்.

"அப்ப வண்டியை விக்கலையே?"

"எப்டி விக்கறது? பேட்டரி வண்டியில டேப்பே கிடையாதாம். ஜெயப்ரியாகிட்ட கேட்டுட்டேன்."

"நான்தான் ஜெயிச்சேன்னு ஒத்துக்கோ."

"சாமுவேலு கை பட்டுதே."

கையில் எடுத்த பழத்தைப் பொட்டலத்திலேயே திரும்ப வைத்தேன்.

"நான்தான் கோயிலுக்குப் போறப்போ அவன்கிட்ட சொல்லிட்டுப் போனேன். கூப்பிட்டா உடனே போ, இல்லன்னா மிச்சத்தையும் பிரிச்சிடுவார்னு. பேச்சுன்னா பேச்சு. பழைய இரும்புக்கு எதுனா ஒண்ணு போய்த்தான் ஆவணும்."

"அதான் வண்டி போவாதுன்னு சொல்லிட்டியே," என்று சிரித்துக்கொண்டே அடுத்த பழத்தை வாயில் போட்டேன். "பழம் நல்லா இருக்குது. எங்க வாங்கினது?"

"வாங்கல. நீங்க குளிக்கச்சொல்ல, உங்க ஸ்பானர் பெட்டிக்கு இரும்புக்காரர் குடுத்தாரு."