என்னைப் பற்றி நான் சொன்ன பதில்

செட்டிபாளையம்
புதன்கிழமை

அன்புள்ள மருமகன் உதயரூபனுக்கு,

மாமா அருமைநாயகம் எழுதுவது. நானும் மாமியும் சுகம், மாடு இரண்டும் சுகம். சுகமில்லாதது என் உத்தியோகம் மட்டுந்தான். நீர் எங்கள் வங்கியின் தலைமைக் காரியாலயத்தில் இருப்பதால் இதை உமக்குத்தான் எழுத முடியும்.

சேமிப்பு வங்கியை மறுசீரமைக்கிறோம் என்று போன மாதம் கொழும்பிலிருந்து ஓர் உத்தியோகத்தர் எங்கள் கிளைக்கு வந்து, ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டு, "நீங்க இல்லாட்டி இங்க என்ன வேலை நிண்டு போகும்?" என்று கேட்டார். மகனே, முகத்துக்கு நேரே கேட்டால் நம்மட வாயால் நம்மட பெருமையைப் பேசலாமா? "நான் என்னத்தச் செய்யிறன் சேர், சும்மாதான் இரிக்கன். எல்லாம் காசாளர் நஸீர்தான்" என்றேன். நஸீரும் மரியாதை தெரிந்தவர். "நான் காசைத்தான் எண்ணுறன் சேர், மூளை அருமைநாயகம் அண்ணன்ட" என்றிருக்கிறார். அடகுப் பகுதி வதனி, பன்னிரண்டு வருடமாக இருக்கிறவள், "நான் நேத்து வந்தவள் சேர், அவங்களைக் கேளுங்க" என்றாளாம். அந்த மனிதர் அத்தனையையும் அப்படியே எழுதிக்கொண்டார். காவலாளி கச்சி முகம்மது மட்டும், "நான் இல்லாட்டி கதவு திறபடா" என்று உள்ளதைச் சொன்னார்.

நேற்றுக் கடிதங்கள் வந்தன. "தமது சொந்த வாக்குமூலத்தின்படி தேவைக்கு மேலதிகமானவர்" என்று எனக்கு. நஸீருக்கும் வதனிக்கும் அதே வசனம். கச்சி முகம்மதுவுக்கு மட்டும் வேலை இருக்கிறது. கதவைத் திறந்து யாரை உள்ளே விடப்போகிறாரோ தெரியாது. எனக்கு ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம். மகள் விதுர்ஷாவுக்குச் சீதனமாகக் கட்டுகிற வீடு கூரையில்லாமல் நிற்கிறது. பயமாக இருக்கிறது, மருமகன். இருபத்தாறு வருடமாகக் கிளையின் கடிதமெல்லாம் எழுதியது நான்தான் என்று மேலிடத்தில் சொல்லும். கொஞ்சம் கூட்டியும் சொல்லலாம், எனக்குத்தான் கூச்சம்.

உம்மையும் பிள்ளைகளையும் மாமாங்கேஸ்வரர் காக்கட்டும். இந்தப் பக்கமும் ஒருக்கால் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
மாமா அருமைநாயகம்

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் நஸீர் வந்தார். எங்கள் மூவரில் ஒருவரை மட்டும் திருப்பி எடுப்பார்களாம். "அண்ணன், எனக்கொரு மேன்முறையீடு எழுதித் தாங்க, உங்களப் போல எழுத ஆரும் இல்ல" என்றார். எழுதினேன். வாசித்துக் காட்டியபோது அவரும் அழுதார், நானும் அழுதேன். இப்படிப்பட்ட மனிதரை வீட்டுக்கு அனுப்ப எந்த வங்கிக்கு மனம் வரும்? ஆகையால் என் கடிதத்தைக் கிழித்துவிட்டு, இத்துடன் இருக்கும் அவருடையதை மேலிடத்தில் கொடும். மாமிக்குத் தெரிய வேண்டாம்.