நடுவரை நக்கிய குற்றம்

நெருப்பு, சக்கரம், எழுத்து மூன்றையும் ஓர் ஓரமாக வைத்துவிடலாம். நாய்க்கு மதிப்பெண் போடக் கற்றுக்கொண்ட அன்றுதான் மனிதன் முழு மனிதனானான். அதுவரை நாய்கள் தங்கள் தரம் என்னவென்று தெரியாமலே வாலாட்டிக்கொண்டிருந்தன, பாவம்.

எங்கள் செல்லப்பிராணிகள் சங்கத்தின் கண்காட்சியில் மைக் பிடிக்கும் மாபெரும் பொறுப்பு இணைச் செயலாளராகிய என்னுடையது. இந்த முறை தலைமை நடுவராக வந்தவர் கடல் கடந்த புகழுடையவர். நாயின் பின்னங்காலைப் பார்த்தே அதன் கொள்ளுத்தாத்தா யாரென்று சொல்லிவிடுவாராம். அவருடைய கொள்ளுத்தாத்தாவைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

அவரை உரிய முறையில் வரவேற்றோம். தலைவர் குடை பிடித்தார். பொருளாளர் குனிந்து அவருடைய ஷூ லேஸைக் கட்டிவிட்டார். நான் மைக்கில் 'நாய்க்குலத்தின் விடிவெள்ளி' என்று அறிமுகம் செய்தேன். அவர் மறுக்கவில்லை.

மற்ற நாய்களெல்லாம் ஒன்றையொன்று கடித்துத் தகுதியிழந்ததால் இறுதிச் சுற்றில் இரண்டே மிஞ்சின. ஒன்று, தலைவர் வீட்டுப் பிரபு. ஷாம்பு போட்டு, உலர்த்தி, சீவி, பவுடர் பூசப்பட்ட பிராணி. அதற்குக் குரைக்க வருமா என்பது தலைவர் வீட்டிலேயே யாருக்கும் தெரியாது. மற்றது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, என் மகளின் துடுப்பு. ஒரு மழை நாளில் தானாகப் படியேறி வந்த நாய். ஓயாமல் ஆடும் வாலைப் பார்த்து மகள் வைத்த பெயர்.

நடுவர் முதலில் துடுப்பின் காதைப் பிடித்தார்.

"ஒரு காது நிக்குது, இன்னொண்ணு தொங்குதே?"

"ரெண்டும் நல்லா கேக்கும் சார்" என்றாள் மகள்.

"கேக்கறதுக்கு மார்க் இல்லைம்மா. வால் ஏன் இப்படி ஆடுது?"

"சந்தோஷமா இருக்கு சார்."

நடுவர் தன் தாளில் 'கட்டுப்பாடு இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

பிறகு பிரபுவிடம் போனார். பிரபு கல்லில் செதுக்கியதுபோல் நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது. நடுவருக்கோ கம்பளிக் கோட்டு, கழுத்துவரை பொத்தான், இறுக்கிக் கட்டிய டை. பல்லைப் பார்க்கக் குனிந்தவர் அப்படியே பிரபுவின் காலடியில் சரிந்தார்.

செயற்குழு வரிசையில் அவசர ஆலோசனை நடந்தது.

"விழுந்துட்டாரா?" என்றார் பொருளாளர்.

"வாயைக் கழுவுங்க. நாயைக் கீழேருந்து பாக்கறாரு. வெளிநாட்டு முறை" என்றார் தலைவர்.

"கண்ணு மூடியிருக்கே?"

"ஆழமா பாக்கறாரு."

"போய் ஒரு எட்டு பாத்துட்டு வரலாமே?"

"மதிப்பீடு நடக்கும்போது களத்துக்குள்ள யாரும் போகக் கூடாது. நாமளே விதியை மீறினா நாய்ங்க நம்மளைப் பத்தி என்ன நினைக்கும்?"

நான் கடமை தவறாமல் மைக்கில் அறிவித்தேன்: "நடுவர் அவர்கள் தற்போது அடிவயிற்றை நுணுக்கமாக ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்." பலத்த கைதட்டல். பிரபு ஒரு காலை நடுவரின் டைமேல் ஊன்றியபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. என்ன ஒரு நிதானம்!

அப்போதுதான் அந்த ஒழுங்கீனம் நடந்தது. துடுப்பு மகள் கையிலிருந்த வாரைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தது. நடுவரின் முகத்தை நக்கியது. கூட்டத்தைப் பார்த்துக் குரைத்தது. மறுபடி நக்கியது. பின்னாலேயே ஓடிய மகள், பிரபுவின் காலைத் தள்ளிவிட்டு டையைத் தளர்த்தி, கோட்டுப் பொத்தானைக் கழற்றினாள்.

"அப்பா, மூச்சு விட முடியலை இவருக்கு! தண்ணி!"

நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். பார்வையாளர் வரிசையிலிருந்து கயிற்றைத் தாண்டிக் குதித்தவள் என் மனைவி. என் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு, "ஒரு மனுஷன் உயிர் போகுது, மைக்கைக் கட்டிக்கிட்டு அழறீங்களே!" என்றாள். மைக் அதை எல்லா ஒலிபெருக்கிகளுக்கும் அனுப்பியது. அதற்கும் கைதட்டினார்கள்.

தண்ணீர் பட்டதும் நடுவர் கண் திறந்தார். நேரெதிரே துடுப்பின் வாய்.

"பல்வரிசை பரவாயில்லை" என்று முனகினார். என்ன தொழில் பக்தி! பிறகு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு குழந்தைபோல் விம்மினார். "இது இல்லைன்னா நான் இன்னைக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன்" என்றார். மகள் முகம் மலர்ந்தது.

இத்தகைய பலவீனமான நேரங்களில் கைகொடுக்கத்தானே சங்கம் இருக்கிறது? நடுவரை அலுவலக அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினோம்.

"ஐயா, களத்துல மயங்கி விழுந்தவர்னு பேரு வந்தா, அப்புறம் எந்த ஊர்ல கூப்பிடுவாங்க?" என்றார் தலைவர் கவலையோடு.

நடுவர் யோசித்தார். கோட்டுப் பொத்தானை மறுபடி போட்டுக்கொண்டார்.

"நான் மயங்கலையே."

"மயங்கவே இல்லை ஐயா."

"ஆராய்ஞ்சுக்கிட்டிருந்தேன்."

"ஆழமா ஐயா."

அவர் மயங்கவில்லை என்று முடிவானதும், மீதி தானாகவே முடிவானது. துடுப்பு தகுதி நீக்கம். களத்தில் அத்துமீறல், ஆய்வுக்கு இடையூறு, நடுவரை நக்கி மதிப்பெண் பெற முயற்சி. தீர்மானத்தில் எல்லாரும் கையெழுத்திட்டோம். தெளிவான உச்சரிப்போடு நானே மைக்கில் வாசித்தேன்.

கோப்பை பிரபுவுக்குப் போனது. கொடுத்துவிட்டுத் திரும்பிய நடுவர் எங்களைக் கடந்துதான் வெளியே போக வேண்டியிருந்தது. துடுப்பு அவரை அடையாளம் கண்டு உடம்பே வாலாக ஆடியது. அவர் மறுபக்கம் பார்த்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க சங்க விதிகள் இடம் தரவில்லை.

மகள் நாயைக் காருக்குள் ஏற்றிவிட்டு, ஏறாமல் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"நக்கினது அவ்வளவு பெரிய குத்தமாப்பா?"

பெற்றவன் என்ற முறையில் உலகத்தைப் புரியவைப்பது என் கடமை அல்லவா?

"நக்கறது குத்தமே இல்லைம்மா. காலையிலேருந்து நாங்க எல்லாரும் அதைத்தானே பண்ணிக்கிட்டிருந்தோம்? ஆனா, நிக்கற ஆளைத்தான் நக்கணும். விழுந்து கிடக்கறவனைப் போய் நக்கறது இருக்கே, அது சுத்த நாய்ப்புத்தி."