வடக்குக்குக் கரண்ட் கொடுக்கப் போன கதை

வடக்கு என்பது நாம் எங்கே நின்று சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. பொறியியல் படித்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எனக்குப் பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பகுதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மண்டபம் நிறைந்த கூட்டத்தின் முன்னால்தான் தெரிந்தது.

2010. திருநெல்வேலியிலிருந்து பாரிசுக்கு ஆராய்ச்சி மாணவனாக வந்திருந்தேன். வட துருவத்தை ஒட்டிய கிராமங்களுக்கு மின்சாரம் கொடுப்பது எப்படி என்பது என் ஆராய்ச்சி. (அதில் ஒரு கிராமத்தைக்கூடப் பார்த்ததில்லை. குளிர் நமக்கு ஒத்துக்காது.) பாரிசை ஒட்டிய திரான்சியில் எனக்கு அறை கொடுத்திருந்தவர் குணம் அண்ணை. லா ஷப்பேலில் ரூ பெர்தொனே என்ற தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்துக்காரர்.

"உம்மட படிப்பைப் பற்றி எங்கட சனத்துக்கும் ஒருக்காச் சொல்லுமன்" என்றார்.

அவர் கடைக் கண்ணாடியில் நானே எழுதி ஒட்டினேன்: 'வடக்கின் ஒதுக்குப்புறக் கிராமங்களுக்கு மின்சாரம்: சிக்கல்களும் வாய்ப்புகளும்.'

பத்துப் பேர் வந்தால் அதிகம் என்று போனால், உட்கார இடமில்லை. குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். இலங்கையில் போர் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அது எனக்கு உறைக்கவில்லை. தமிழர்களுக்கு இவ்வளவு அறிவியல் ஆர்வமா என்று நெகிழ்ந்துபோய் முதல் படத்தைப் போட்டேன். கண்ணுக்கெட்டிய தூரம் பனி.

முன்வரிசை ஐயா ஒருவர் கேட்டார்: "உது எங்கட ஆனையிறவு உப்பளமோ, தம்பி?"

கிண்டல் என்று நினைத்துச் சிரித்துவைத்தேன். "குளிர்காலத்துல இங்க சூரியனே வராதுங்க. சோலாரை மட்டும் நம்ப முடியாது."

"எங்கட ஊரிலை வெயிலுக்கு என்ன குறை?" என்றது ஒரு குரல்.

"டீசல் கப்பல்லதான் வரணும். கடல் உறைஞ்சிட்டா அதுவும் வராது."

குணம் அண்ணை எழுந்து வந்தார். "நீர் எந்த வடக்கைச் சொல்லுறீர்?"

"வட துருவத்துப் பக்கம், அண்ணே."

"சனம் எங்கட வடக்கு, முல்லைத்தீவெண்டு நினைச்செல்லோ வந்திருக்கு."

நான் காற்றாலையைப் பற்றிச் சொல்லத் தொடங்குவதற்குள் பாதி மண்டபம் தேத்தண்ணி, ரோல்ஸ் பக்கம் நகர்ந்துவிட்டது. ஒரு பெண் மட்டும் நேரே என்னிடம் வந்தாள். பெயர் சுபா, ஏதோ அலுவலகத்தில் வேலை.

"அம்மா ஊருக்குத் திரும்பிப் போய்த் தனிய இருக்கிறா. கரண்ட் எப்ப வருமெண்டு கேக்கத்தான் வந்தனான்."

"அது எனக்குத் தெரியாதுங்க."

"வேறை என்ன தெரியும்?"

அதுவரை எந்தப் பேராசிரியரும் என்னிடம் இத்தனை கடினமான கேள்வியைக் கேட்டதில்லை. "வெயில் இருந்தா, ரெண்டு பல்பும் ஒரு ஃபேனும் ஓடுற மாதிரி பண்ணலாங்க."

"வெயில் இருக்கு."

அண்ணையின் கடையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, எத்தனை சோலார் தகடு, என்ன பேட்டரி என்று இருவரும் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்குப்படி ஊரில் ஆள் வைத்துத் தகடு பொருத்தியதும், அவள் அம்மாவின் வீட்டில் விளக்கு எரிந்தது. என் ஆராய்ச்சியால் உலகில் இன்றுவரை எரிந்த விளக்குகள் அவை மட்டும்தான்.

இரண்டு வருடத்தில் எங்களுக்குக் கல்யாணமும் ஆயிற்று.

இப்போது அந்த ஊருக்கு மின்கம்பி வந்துவிட்டது. ஆனால் கரண்ட் போனால் மாமியார் மின்சார அலுவலகத்தைக் கூப்பிடுவதில்லை, பாரிசுக்குத்தான் போன் அடிக்கிறார். சுபாவும் முகத்தில் சிரிப்பே இல்லாமல் போனை என் பக்கம் நீட்டுகிறாள்.

"வடக்குக்குப் பொறுப்பான ஆள் இஞ்சைதான் நிக்கிறார். கதையுங்கோ, அம்மா."