வாசுகிக்கு ஒத்துக்கொள்ளாத மாமா

கம்பளை ஊரில் வேலை பார்த்த மெத்தைக் கடையை விட்டு நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை, தலைமுடியில் மிச்சம் மீதி இலவம் பஞ்சு. வேலையை விட்டுப் போவது எனக்குப் புதிதல்ல. தேயிலைத் தொழிற்சாலை, பேக்கரி, லொறி என்று பல இடங்களிலிருந்து நடந்திருக்கிறேன். அங்கெல்லாம் முதலாளிக்கு என்னைப் பிடிக்காது, இல்லையென்றால் எனக்கு முதலாளியைப் பிடிக்காது. நாலு வயதுப் பிள்ளையின் மூச்சுக்குழாய்க்கு என்னைப் பிடிக்காததால் விட்ட வேலை இது ஒன்றுதான்.

பிள்ளை என் தங்கை பார்வதியின் மகள் வாசுகி. வீடு கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில். ஞாயிற்றுக்கிழமை அரை நாள் பஞ்சடித்துவிட்டு நேரே பஸ் ஏறி அங்கே போவேன், அதே சட்டையோடு. (இன்னொரு சட்டை இருந்திருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.) வாசுகி ஓடிவந்து மடியில் ஏறுவாள். சற்று நேரத்தில் தும்முவாள். பிறகு உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்ப்பாள், கண்ணைக் கசக்குவாள். பொழுது சாயும்போது நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும். காய்ச்சல் மட்டும் இருக்காது. வாரத்தின் நடுவில் சுகமாகிவிடுவாள். அடுத்த ஞாயிறு திரும்பவும் இழுக்கும்.

சளி என்றாள் பார்வதி. கண்டிப் பனி என்றேன் நான். பார்வதியின் கணவர் நகரசபையில் வேலை பார்ப்பவர், அளந்து பேசுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வாயைத் திறந்தார்.

“மச்சான், தப்பா நெனைக்காதீங்க. நீங்க வர்ற அன்னிக்குத்தான் இதுக்கு இழுக்குது. ஒங்க கண்ணு பொல்லாத கண்ணு போல.”

“என்னாங்க நீங்க, எங்கண்ணன் கண்ணா படும்?” என்றாள் பார்வதி. குரலில் அவ்வளவு உறுதி இல்லை.

“கொஞ்ச நாளைக்கு வராம இருக்கட்டும். பாப்போம்” என்றார் அவளிடம்.

எனக்கென்று போய் உட்கார இருந்த வீடு அது ஒன்றுதான். என் கண் நல்ல கண் என்பதை அன்றைக்கே நிரூபித்துவிடத் தீர்மானித்தேன்.

முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். காய்ந்த மிளகாயையும் உப்பையும் பிள்ளையைச் சுற்றி நெருப்பில் போட வேண்டும். கண் பட்டிருந்தால் மிளகாய் கருகினாலும் நெடி வராது. நெடி வந்தால் கண் படவில்லை, ஆகவே நான் நிரபராதி. ஒன்றிரண்டு மிளகாயின் நெடியை மச்சான் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று ஒரு பிடி போட்டேன். காற்றுப் பட்டால் இழுப்புக் கூடுமென்று ஜன்னல்களை முன்பே சாத்தியிருந்தோம்.

நெடி வந்தது. (அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.) மச்சான் இடுப்புச் சாரத்தைத் தூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டு, மற்றதெல்லாம் தெரிய வாசலுக்கு ஓடினார். பார்வதி இருமிக்கொண்டே சுவரைத் தடவிக் கதவைத் தேடினாள். “பாத்தீங்களா மச்சான், கமறுதா இல்லியா?” என்று கேட்டபடி வாசுகியைத் தூக்கினேன். புகை படாமல் இருக்க அவள் முகத்தை என் சட்டையோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன்.

வெளியே வந்துதான் பார்த்தேன். அவள் இருமவில்லை. இருமுவதற்கும் மூச்சு வேண்டுமே. கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. விலா எலும்புகள் தனித்தனியாகத் தெரிந்தன. உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது.

“அண்ணே, புள்ளைய எங்கிட்ட குடு” என்றாள் பார்வதி. த்ரீவீலர் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

மூக்கையும் வாயையும் மூடி ஒரு முகமூடி வைத்து மருந்தை ஆவியாகக் கொடுத்தார்கள். உதடு பழைய நிறத்துக்கு வந்த பிறகுதான் எங்களுக்குக் கை கால் இருப்பது தெரிந்தது. டொக்டர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்.

“எப்ப எப்ப இழுக்குது?”

“ஞாயித்துக்கெழமைங்க” என்றாள் பார்வதி.

“சளித் தடிமன் எண்டால் கிழமை பாத்து வராது. ஞாயிறுகளில வீட்டில என்ன புதுசா?”

 மச்சான் விரலை என் பக்கம் நீட்டினார்.

டொக்டர் கதிரையிலிருந்து எழுந்து வந்து, என் காதுக்குப் பின்னாலிருந்து ஒரு பஞ்சுத் துணுக்கை எடுத்தார். “நீங்கள் என்ன வேலை?”

“மெத்தைக் கடைங்க. பஞ்சடிக்கிறது.”

என் சட்டையைக் காட்டினார். “இந்தச் சேட்டோடயோ பிள்ளையைத் தூக்கினனீங்கள்?”

“ஆமாங்க.”

சட்டையில் நெடி அடித்திருக்க வேண்டும், மூக்கைச் சுளித்தார். “மிளகாய் எரிச்சது ஆர்?”

“அதுவும் நாந்தாங்க.”

டொக்டர் பஞ்சுத் துணுக்கைக் குப்பைக்கூடையில் போட்டார். “வேற ஏதும் மிச்சம் வச்சிருக்கிறியளோ?”

பிறகு பார்வதிக்குச் சொன்னார். பழைய பஞ்சுத் தூசியும் புகையும் பிள்ளைக்கு ஆகாது. சாம்பிராணி, கொசு விரட்டக் கொளுத்தும் நுளம்புச் சுருள் ஒன்றும் அவள் பக்கத்தில் வேண்டாம். விரிப்பைச் சுடுநீரில் துவைக்க வேண்டும். கழுத்துக் குழி உள்ளே போனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கொண்டுவர வேண்டும். மருந்தை மூச்சோடு உள்ளே இழுக்கும் பம்ப் ஒன்றையும் எடுத்துக் காட்டினார்.

“பம்ப் அடிச்சா அதே பழகிப் போயிடாதுங்களா?” என்று கேட்டாள் பார்வதி.

“மூச்சு விடுறதும் பழக்கம்தான். அது பழகட்டும்.”

வெளியே வந்து படிகளில் மச்சான் என் தோளைத் தொட்டார். “நான் சொன்னது சரிதான் மச்சான். கண்ணுன்னதுதான் தப்பு. முழு ஆளுமே ஆகாது.” (வாசுகிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். என்னென்ன ஒத்துக்கொள்ளாது என்று எந்த டொக்டர் கேட்டாலும் “தூசி, புகை, எங்க மாமா” என்றுதான் இன்றைக்கும் சொல்கிறாள்.)

மறுநாள் கம்பளைக்குப் போய் முதலாளியிடம் சொன்னேன். பஞ்சு யாரையும் ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிட்டு அவர் தும்மினார். நான் நடந்தேன்.

அடுத்த நாள் காலை, மச்சான் கொடுத்த பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு கண்டி மார்க்கெட்டில் தூசியில்லாத வேலை தேடினேன். அரிசிக் கடையில் தவிடு. மசாலாக் கடை வாசலிலேயே எனக்குத் தும்மல். கடைசியில் தரை, பலகை, ஆட்கள் எல்லாமே ஈரமாக இருந்த ஓர் இடத்தைக் கண்டேன். மீன் கடை.

“முன்ன மீன் வெட்டியிருக்கியா?” என்று கேட்டார், எல்லோரும் ‘நானா’ என்று கூப்பிட்ட முஸ்லிம் கடைக்காரர்.

“இல்ல நானா. பஞ்சு அடிச்சிருக்கேன்.”

“அப்ப கைய பாத்துக்க” என்று கத்தியைத் தந்தார்.

அன்று மாலை கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வீட்டில் மச்சான் கதிரையை ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டார். வாசுகி மட்டும் வந்து மடியில் ஏறினாள். எல்லோரும் அவளையே பார்த்தோம். விசில் சத்தமில்லாமல் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

“மாமா நாறுது” என்றாள்.

நாளைக்கும் வேலைக்குப் போவதென்று முடிவு செய்தேன்.