சீர் ரேடியோவும் சிங்காரவேலுவின் துக்கமும்

அரியலூர் வட்டாரப் பொதுமக்களுக்கு இதனால் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டாம் ஆண்டு பங்குனி மாதத்தில், இந்த மண்ணில் முதன்முறையாக ஓர் எலெக்ட்ரிக் கிதார் மனிதரைப் போலத் துக்கப்பட இருந்தது.

இதை அறிவித்தவர் ‘கிதார் சக்கரவர்த்தி’ சிங்காரவேலு. கேட்டவள் அவர் மனைவி கண்ணகி. அவள் அப்போது மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“துக்கப்பட்டு?” என்றாள்.

“கேக்கறவன் நெஞ்சு அறுபடணும்டி.”

“மொதல்ல கடைக்குப் போயி புளி வாங்கியாங்க.”

சிங்காரவேலு பகலில் சுண்ணாம்புக்கல் லாரிகளை எடைபோடும் மேடையில் வேலை பார்ப்பவர். முகூர்த்த நாட்களில் மெல்லிசைக் குழுவில் கிதார். சக்கரவர்த்திப் பட்டத்தைப் பெட்டியின் மேல் வெள்ளை பெயிண்டில் எழுதிக்கொண்டவரும் அவரே. இத்தனை வருடத்தில் தன் கிதாரைக் குறை சொன்ன ஒரே ஒரு ஆளைக் காட்டு பார்ப்போம் என்று சவால் விடுவார். உண்மைதான். யாரும் சொன்னதில்லை.

வினை, சிமெண்ட் ஆலைக்கு வந்த பம்பாய் இன்ஜினியர் கொடுத்த கேசட்டில் வந்தது. அமெரிக்காவில் ப்ளூஸ் என்றொரு சங்கீதம் இருக்கிறதாம், முழுக்கத் துக்கமாம். துக்கத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் நிலையில் அரியலூர் என்றைக்கும் இருந்ததில்லை. ஆனால் அந்தக் கிதார் உறுமியது, கமறியது, தொண்டை கட்டியவன் ஒப்பாரி வைப்பதுபோல் இழுத்தது. சிங்காரவேலுவின் கிதாரோ எவர்சில்வர் தட்டு விழுந்ததுபோல் ‘ணங்’ என்றது.

ஆம்ப்ளிபயர் பெட்டியில் ட்ரெபிளைக் குறைத்தார். பாஸைக் கூட்டினார். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி வாசலுக்கு ஓடிவந்தாள்.

“கண்ணகி, மாடு கன்னு போடுதா? வைத்தியரக் கூப்புடவா?”

“மாடு இல்லக்கா. எங்க வூட்டுக்காரரு.”

ரேடியோ ரிப்பேர் மாயவனிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

“ஒரு கண்டென்சர மாத்துனா கமறும்ண்ணே.”

மாற்றினான். கமறவில்லை. திருச்சி வானொலி வந்தது. சிங்காரவேலு கம்பியில் விரலை வைத்து உருகும்போதெல்லாம், நெல்லில் குருத்துப்பூச்சியை ஒழிக்கும் வழியைக் கிதார் தெளிவாக எடுத்துரைத்தது.

“இப்பத்தான் உருப்படியா ஏதோ சொல்லுது,” என்றாள் கண்ணகி.

வானொலியை விரட்டுவதற்காக எல்லாத் திருகுகளையும் கடைசிவரை திருகினார். பெட்டியிலிருந்து புகை வந்தது. வானொலி போனது; கூடவே ஸ்பீக்கரும் செத்துப்போனது.

மறுநாள் கண்ணகி தண்ணீருக்குப் போன நேரத்தில், அவள் அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்த ரேடியோவைத் திறந்து, அதிலிருந்த ஸ்பீக்கரைக் கழற்றினார். அப்பா போன பிறகு அவள் கைவசம் மிச்சமிருந்தது அந்த ரேடியோ மட்டும்தான். தினமும் அதைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் அடுப்பே பற்றவைப்பாள்.

கழற்றியதோடு நிறுத்தியிருந்தாலும் மன்னிப்புக்கு இடம் இருந்திருக்கும். ஸ்பீக்கரின் காகிதம் கிழிந்தால்தான் அசல் கமறல் வரும் என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். சிங்காரவேலு சவர பிளேடால் கிழித்துத் தன் பெட்டியில் பொருத்தினார்.

கமறியது! அசல் துக்கம்! பூரித்துப்போய்த் திரும்பினார். இடுப்பில் குடத்தோடு கண்ணகி நின்றிருந்தாள்.

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். வெறும் கூடாகிவிட்ட ரேடியோவைப் பழைய புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு, பிறந்த ஊரான ரெட்டிபாளையத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

சக்கரவர்த்தி கஞ்சி வைத்துக் குடித்தார். அதுவும் அடிப்பிடித்தது. நிறுத்தச் சொல்ல ஆளில்லாத வீட்டில் வாசிப்பது எவ்வளவு சிரமம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

கண்ணகியின் அண்ணன் அண்ணாதுரை எடைமேடைக்கே வந்தார்.

“எங்கூரு காளியம்மன் திருவிழாவுக்கு உங்க குழுதான் வருது மாப்ள. தங்கச்சி முன்னாடி உக்காந்து கேக்கட்டும். அது காதுக்கு ஒத்துக்கிட்டா கூட்டிக்கிட்டுப் போங்க.”

“ஒத்துக்கலன்னா மச்சான்?”

“கிதாரோடயே குடும்பம் நடத்துங்க.”

வேறு ஸ்பீக்கர் போடலாமா என்று மாயவனிடம் கேட்டார்.

“வேணாம்ண்ணே. இதுலதான் அழுவை இருக்கு. ஆனா சத்தம் கூட்டுனீங்க, கிழிஞ்ச காயிதம் தொங்கிரும். உங்க காதுக்குக் கேக்குற மாதிரி வைங்க போதும். மிச்சத்த மைக்கு பாத்துக்கும்.”

திருவிழாவன்று பொழுது சாயக் கச்சேரி ஆரம்பம். அந்தக் குழுவுக்கு எப்போதும் மைக்செட் போடும் அய்யாக்கண்ணு, ஒயர்களையெல்லாம் ஜமக்காளத்துக்கு அடியில் விட்டு, மரங்களில் குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டி முடித்திருந்தார். சிங்காரவேலுவின் பெட்டிக்கு முன்னால், இருப்பதிலேயே பளபளப்பான மைக்கை வழக்கம்போல மரியாதையோடு வைத்தார்.

கண்ணகி பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

சிங்காரவேலு பெட்டியை ஸ்டூலில் ஏற்றிக் காதருகே வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். வெந்த கஞ்சி, வேகாத கஞ்சி, வெறிச்சோடிய அடுப்படி எல்லாவற்றையும் கம்பியில் இழுத்தார். உண்மையாகவே அழுதுவிட்டார். கண்ணைத் திறந்தபோது கூட்டத்தில் பாதிப் பேர் டீக்கடைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். துக்கம் தாங்கவில்லை என்று எடுத்துக்கொண்டார்.

கச்சேரி முடிந்தது. கண்ணகி மேடைக்கு அருகில் வந்தாள்.

“கேட்டேங்க,” என்றாள். சிங்காரவேலு கிதாரைக் கழற்றிக் கீழே வைத்தார்.

“வூட்டுல போட்ட அந்தச் சத்தமே இல்ல. ஒரு எடத்துல கூட காது வலிக்கல. எங்கப்பா ரேடியோவுல பாட்டுக் கேட்ட மாதிரியே எதமா இருந்துச்சு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இருங்க, பைய எடுத்துட்டு வரேன்.”

சக்கரவர்த்தி ஓர் அங்குலம் உயர்ந்தார். ஒயர் சுற்றிக்கொண்டிருந்த அய்யாக்கண்ணுவைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“பாத்தீரா? அந்தப் பெட்டியில நான் வச்ச திருகுல, ஒரு பொம்பள மனசு எறங்கி வருதுய்யா! என் மைக்கு ஒயர மட்டும் தனியா, பத்தரமா சுத்தி வையும்.”

அய்யாக்கண்ணு அந்தப் பளபளப்பான மைக்கைக் கழற்றிச் சாக்குப் பையில் போட்டார்.

“இது மேடை நெறவா இருக்கட்டும்னு வைக்கிறதுங்க. இதுக்கு எந்த ஊர்லயும் ஒயர் கொடுத்ததில்ல.”